டைரக்ட் கொடுத்துடலாங்களா?

ரோட்டில் ஓடும்போது சூடு காட்டும் முள் அசையாமல் நிற்கும். சிக்னலில் நின்றால் ஏறும். பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் மெல்ல இறங்கும். பழைய கார் வைத்திருப்பவர் இதைப் பார்த்துவிட்டால் வியாதி எந்தப் பக்கம் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஐம்பது அறுபதில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், ஃபேனுக்கு வேலையில்லை. நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான் அது வேண்டும். ஹைவேயில் போகும்போதும் முள் ஏறுகிறதென்றால் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். “நின்னா சூடாகுதா, ஓடினா சூடாகுதா?” என்ற கேள்வியைக் கேட்காமலே ஸ்பேனரை எடுக்கிற பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

என்னிடம் இருந்தது மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, ஏ.சி. கிடையாது, என் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு பேரிடம் இருந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். கோயமுத்தூருக்குள் ஓட்ட அதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரிந்து இன்னும் வரவில்லை. ஆனால் சித்திரை பிறந்துவிட்டால் காந்திபுரம் சிக்னல் பக்கம் போகவே யோசனையாக இருக்கும். ஒரு நாள் ஃபேன் ஓடும், மறுநாள் ஓடாது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியதும் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். முழுக்கக் கெட்டுப்போன பொருளைச் சரிசெய்துவிடலாம். அவ்வப்போது நன்றாக இருக்கிற பொருள்தான் ஆளைக் கொல்லும்.

அம்பாசிடர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஃபேன் இஞ்சினின் மூக்கிலேயே இருக்கும், பெல்ட்தான் அதைச் சுற்றும். இஞ்சின் ஓடினால் ஃபேன் ஓடியாக வேண்டும். வயரும் இல்லை, சுவிட்சும் இல்லை. அதனால் அம்பாசிடர் கொதிக்காது என்று அர்த்தமில்லை. மலைப்பாதையில் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு, ரேடியேட்டர் மேல் ஈரச் சாக்கைப் போட்டு டிரைவர் ஓரமாகப் பீடி பிடித்துக்கொண்டிருப்பதை என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால் ஃபேன் ஏன் ஓடவில்லை என்று அவர் யோசிக்க வேண்டியிருக்காது. பெல்ட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. அதில் இஞ்சின் குறுக்காகப் படுத்திருந்தது. முன்சக்கரத்தை இழுக்கிற சின்ன வண்டியில் இடத்தை மிச்சப்படுத்த அதுதான் வழி. ஆனால் இஞ்சின் குறுக்கே திரும்பிவிட்டால் அதன் மூக்கு பக்கவாட்டைப் பார்க்கும். ரேடியேட்டரோ முன்பக்கம் காற்றைப் பார்த்து நிற்கும். பெல்ட் போட்டு நேராகச் சுற்றவைக்க வசதியில்லை. எனவே ஃபேனுக்குத் தனியாக ஒரு மின்மோட்டார், அதை எப்போது ஓட்டுவது என்று சொல்ல ஒரு சுவிட்ச். தேவைப்படும்போது மட்டும் ஓடுவதால் பெட்ரோலும் மிச்சம். ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானதுதான். ஒரே ஒரு சங்கடம், அதுவரை மெக்கானிக்கின் சொத்தாக இருந்த ஃபேன் அன்றைக்கு எலக்ட்ரீஷியன் பக்கம் போய்விட்டது. நம் ஊரில் இவர்கள் இரண்டு பேரும் வேறு வேறு கடை. மெக்கானிக்கிடம் போனால் “வயரிங்கா இருக்குங்க, எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க” என்பார். எலக்ட்ரீஷியன், “மோட்டாரு நல்லாத்தான் இருக்குது, இஞ்சின்ல தண்ணி ஓட்டம் பாக்கச் சொல்லுங்க” என்பார். நடுவில் வண்டி கொதித்துக்கொண்டிருக்கும்.

நான் முதலில் போனது மெக்கானிக்கிடம். அவர் பார்த்த மாத்திரத்தில் தெர்மோ சுவிட்ச் போய்விட்டது என்றார். பித்தளையில் போல்ட் மாதிரி இருக்கும் சின்னச் சாமான் அது. இஞ்சினைச் சுற்றி வருகிற தண்ணீரில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் உள்ளே இருக்கிற தகடு வளைந்து இரண்டு முனையையும் சேர்த்துவைக்கும். சூடு சில டிகிரி இறங்கியதும் பிரித்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. அதை மாற்றிப் புதுசு போட்டார். கேனில் இருந்த தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகி, “போயிட்டு வாங்க” என்றார். வடகோவை மேம்பாலம் தாண்டவில்லை, முள் ஏறியது.

இதில் இன்னொரு சூட்சுமம் இருப்பது பிற்பாடு தெரிந்தது. தண்ணீரை இறக்கி ஏற்றினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்துவைத்து இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் புது சுவிட்சின் தலை தண்ணீரில் இல்லாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். இஞ்சின் கொதித்தாலும் அதற்குச் சேதி போகாது. தண்ணீர் குறைந்த வண்டியிலும் இதே கதைதான்: ஃபேன் சுற்றவில்லை என்று ஃபேனைத் திட்டுவோம், ரேடியேட்டரில் பாதித் தண்ணீர் இருக்காது. இஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஒரு தடவை எட்டிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

கழற்றிய பழைய சுவிட்சை நான் கேட்டு வாங்கி வந்திருந்தேன். கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குவது எனக்கு வழக்கம். பட்டறைக்காரர்களுக்கு அது பிடிக்காது. வீட்டில் அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சுவிட்சை வயரில் கட்டித் தலை மட்டும் நனைகிற மாதிரி தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் அதில் மாட்டினேன். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. மீட்டர் வாய் திறக்கவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதி வரப்போகிற நேரத்தில் கீ என்று கத்தியது. அடுப்பை அணைத்தேன், கொஞ்சம் ஆறியதும் சத்தம் நின்றது. திரும்பப் பற்றவைத்தேன், திரும்பக் கத்தியது. தூக்கிப்போட்ட சுவிட்ச் நூற்றுக்கு நூறு நல்ல சுவிட்ச்.

இந்தச் சோதனையைக் கோவையில் செய்யலாம், ஊட்டியில் செய்யக் கூடாது. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊரில் திறந்த பாத்திரத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகு எரித்தாலும் சூடு ஏறாது. 95 டிகிரியில் சேருகிற சுவிட்சை அங்கே பாத்திரத்தில் போட்டால் அது கடைசிவரை சேராது. நல்ல சுவிட்சைக் கெட்டது என்று முடிவுகட்டிவிடுவோம். காரில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம் ரேடியேட்டர் மூடி. அதில் இருக்கிற ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைக் கட்டிவைக்கிறது; பல மூடிகளில் 0.9 என்று அச்சடித்திருப்பது அந்த அழுத்தம்தான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 115 டிகிரியைத் தாண்டினால்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் இற்றுப்போனால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும், ஃபேன் நன்றாக ஓடினாலும் வண்டி பொங்கும்.

“ஏனுங்க, அந்தப் பாத்திரத்துல இனிப் பால் காய்ச்ச முடியுங்களா?” என்று என் மனைவி கேட்டாள். முடியாதுதான். சுவிட்சில் ஒட்டியிருந்த கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். நாக்குக்கு இனிக்கும், உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வண்டியிலிருந்து இறக்கிய கூலன்டைத் திறந்த சட்டியில் வாசலில் வைத்தால் தெருநாய் நக்கிவிட்டுப் போய்ச் சாகும். பாத்திரம் அன்றோடு கார் ஷெட்டுக்குக் குடிபோனது.

அடுத்துப் பார்த்தவர் கொஞ்சம் விவரமானவர். பேட்டரியிலிருந்து இரண்டு வயரை இழுத்து ஃபேன் மோட்டாரில் நேராகத் தொட்டார். ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது. மோட்டார் நல்லது என்று தீர்ந்தது. இது எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை. சுற்றாமல் திணறினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது புஷ் பிடித்திருக்கும். கையால் தட்டிவிட்டால் ஓட ஆரம்பிக்கிற மோட்டாருக்கு ஆயுசு முடியப் போகிறது. சுற்றுகிற திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டாரை மாற்றும்போது இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் அது தலைகீழாகச் சுற்றி, எதிர்க்காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ரேடியேட்டரின் முன்பக்கத்தில் ஒரு காகிதத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விழுந்தால் வயர் மாறியிருக்கிறது.

மோட்டார் நல்லது, சுவிட்ச் புதுசு, ஃபியூஸ் சரியாக இருக்கிறது. இதற்கு மேல் அவருக்குப் பொறுமையில்லை. “டைரக்ட் கொடுத்துடலாங்களா?” என்று கேட்டார்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த வார்த்தை தெரியும். வண்டியில் தானாக நடக்க வேண்டிய ஒரு வேலை நடக்கவில்லையென்றால், ஏன் என்று தேடாமல் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்சை வைத்து நம் கையில் கொடுத்துவிடுவது. ஹார்ன், ஃபேன், பெட்ரோல் பம்ப், எதற்கு வேண்டுமானாலும் டைரக்ட் உண்டு. கூடவே இன்னொரு யோசனையும் இலவசமாகக் கிடைக்கும்: “கோயமுத்தூர் வெயிலுக்கு வால்வு எதுக்குங்க, கழட்டி எறிஞ்சிருங்க.” வால்வு என்று அவர்கள் சொல்வது தெர்மோஸ்டாட்டை. அது இல்லாவிட்டால் இஞ்சின் சூடேற நேரமாகும், காலையில் சோக்கை இழுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும், பெட்ரோலைக் குடிக்கும், சிலிண்டர் தேயும். வெயில் காலத்தில் கொதிக்கிற நோய்க்கு அது மருந்தே இல்லை. வால்வைக் கழற்ற நான் விடவில்லை. டைரக்ட்டுக்கு மட்டும் தலையாட்டினேன், அடுத்த நாள் அவசரமாகப் பொள்ளாச்சி போக வேண்டியிருந்தது.

டைரக்ட் சுவிட்ச் வைத்த வண்டியை அதைத் தெரிந்த ஆள்தான் ஓட்ட முடியும். முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏறினால் போட வேண்டும், இறங்கினால் அணைக்க வேண்டும். அணைக்க மறந்து இறங்கினால் பேட்டரி படுத்துவிடும். ஒரு நாள் மச்சினன் ஏதோ கல்யாணத்துக்கு வண்டியை எடுத்துப் போனான். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற பொத்தானைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை. இப்படி ஒன்று இருக்குமென்று அவனுக்கு எப்படித் தெரியும்? உக்கடத்தில் பஸ்களுக்கு நடுவில் மாட்டி, பானெட்டிலிருந்து ஆவி வந்த பிறகுதான் ஓரங்கட்டினான். “மாமா, புகை வருதுங்க மாமா” என்று போன். இஞ்சினை அணைத்துவிடு, மூடியில் கை வைக்காதே, பச்சைத் தண்ணியை மேலே ஊற்றாதே என்று கத்தினேன். சூடான அலுமினிய ஹெட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்; ஹெட் வளைந்தால் கேஸ்கெட் போகும், ஆயிலில் தண்ணீர் கலந்து வெளுத்துவிடும், வண்டியின் விலையில் பாதி செலவாகும். நல்லவேளை, அவன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்தான். ஹெட் பிழைத்தது.

அதன் பிறகுதான் சுந்தராபுரம் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். சின்னக் கடை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்று போர்டு இருந்தாலும் அவர் ஆரம்பத்தில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். கோயமுத்தூரில் மோட்டார் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஊரே பம்ப் செய்து பிழைத்த ஊர். நான் மல்டிமீட்டரோடு போயிருந்தேன். தெர்மோ சுவிட்சின் வயரைக் கழற்றி இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துக் காட்டினேன். ஃபேன் ஓடவில்லை. சுவிட்ச் இல்லாமலே ஓடவில்லையென்றால் குற்றம் சுவிட்சில் இல்லை. ஃபேன் மோட்டாருக்கு வயர் சேரும் கப்ளரைப் பிரித்து மீட்டரை வைத்தேன். 12 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. கரண்ட் வருகிறது, மோட்டாரும் நல்லது, ஆனால் சுற்றவில்லை. எனக்குத் தெரிந்த கணக்கு அங்கே முடிந்துவிட்டது.

பெரியவர் மீட்டரை ஒரு பார்வை பார்த்தார். “வோல்ட்டு வந்தாப் போதுங்களா? ஆம்பியர் வரோணுமில்லீங்க” என்றார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்தார். ஒரு இழை எரிந்துபோன பல்பு. மிச்சமிருந்த இழைக்கு முனைக்கு ஒரு முழம் வயரைப் பற்றவைத்து நுனியில் கிளிப் போட்டிருந்தார். அதைப் பேட்டரியில் தொட்டார். கண் கூசுகிற வெள்ளை வெளிச்சம். அதே பல்பைக் கொண்டுவந்து ஃபேன் கப்ளரில் மாட்டினார். இழை லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். வெளிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. என் மீட்டரை அப்போதே பக்கத்தில் வைத்தேன். 12-ல் நின்றிருந்த எண் மூன்றுக்கும் கீழே விழுந்திருந்தது.

“தொட்டி ரொம்பித்தானுங்க இருக்குது. குழாயிலதான் பாசி அடைச்சிருக்குது. குழாய மூடி வெச்சுட்டு அழுத்தம் பாத்தா உங்க மீட்டரு நல்லாருக்குதுன்னுதான் சொல்லும். திறந்துவிட்டுப் பாக்கோணும்” என்றார்.

அதற்கு மேல் பாடம் வேண்டியதில்லை. டிஜிட்டல் மீட்டர் தன் வழியாக ஏறக்குறைய கரண்டே போகவிடாது. நூல் மாதிரி ஒரே ஒரு செம்புக் கம்பி மிச்சமிருந்தாலும் அது முழு வோல்ட்டையும் காட்டிவிடும். ஃபேன் மோட்டார் கேட்பதோ ஏழெட்டு ஆம்பியர். எட்டு ஆம்பியர் போகிற பாதையில் அரை ஓம் தடை இருந்தால் 4 வோல்ட் அந்த இடத்திலேயே செத்துவிடும். 32 வாட் சூடாக அங்கேயே வெளியேறும். சின்ன பிளாஸ்டிக் கப்ளருக்குள் 32 வாட் சூடு! அதனால் கப்ளர் இளகும், இளகினால் பின் தளரும், தளர்ந்தால் தடை இன்னும் ஏறும். டெஸ்ட் லேம்ப் என்று பலர் வைத்திருக்கிற குட்டி பல்பும் இந்த வஞ்சகத்தைக் கண்டுபிடிக்காது, அதற்குக் கால் ஆம்பியர் அரை ஆம்பியர் போதும். ஹெட்லைட் பல்பு 4, 5 ஆம்பியர் கேட்கும். மோட்டார் படுகிற பாட்டை அதுவும் படும்.

பெரியவர் கப்ளரை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. பின்னை ஊசியால் நெம்பி வெளியே இழுத்தபோது ஒரு பக்கம் பிளாஸ்டிக் காவி நிறத்தில் கருகியிருந்தது. வயரின் மேல்தோலை இரண்டு விரற்கடை சீவினார். உள்ளே செம்பு சிவப்பாக இல்லை, பச்சைப் பொடியாக உதிர்ந்தது. களிம்பு. ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிற கப்ளர்; மழைத் தண்ணீரும் வாட்டர் சர்வீஸ் தண்ணீரும் வருஷக்கணக்காக அதில் இறங்கியிருக்கின்றன. மிச்சமிருந்த ஓரிரு இழை, வண்டி குலுங்கும்போது ஒட்டிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருந்திருக்கிறது. ஸ்பீட் பிரேக்கர் வைத்தியத்தின் ரகசியம் இதுதான்.

நல்ல செம்பு தெரிகிறவரை வயரை வெட்டி, புதுத் துண்டை ஈயம் வைத்துப் பற்றவைத்து, புதுக் கப்ளர் போட்டார். அத்தோடு விடவில்லை. ரேடியேட்டர் சட்டத்தில் எர்த் வயர் மாட்டியிருந்த போல்ட்டைக் கழற்றி, அடியில் இருந்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவித் திரும்ப இறுக்கினார். பேட்டரியிலிருந்து போவதை எல்லோரும் பார்ப்பார்கள், திரும்பி வருகிற பாதையை யாரும் பார்ப்பதில்லை என்றார். பாதி கோளாறு எர்த்தில்தான் என்பது அவர் கட்சி. பழைய வண்டிகளைப் பொறுத்தவரை நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். கடைசியாக டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த பொத்தானைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அந்தப் பொத்தானுக்குப் போட்டிருந்த வயரின் கனத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ரேடியோவுக்குப் போடுகிற வயர் அது. இன்னும் ஒரு கோடை ஓட்டியிருந்தால் புகை பானெட்டிலிருந்து வந்திருக்காது, கால் வைக்கிற இடத்திலிருந்து வந்திருக்கும்.

மோட்டாரும் மாற்றவில்லை, சுவிட்சும் மாற்றவில்லை. அவர் வாங்கிய கூலி, முதல் பட்டறை வீணாக மாற்றிய சுவிட்சின் விலையைவிடக் குறைவு.

அந்த மே மாதமே வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் இரண்டாவது கியர், நாலு பேர், சாமான். ஃபேனுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. வளைவுகளில் அது தானாக ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது, முள் பாதியைத் தாண்டவில்லை. மச்சினன்தான் ஓட்டினான்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யாராவது “டைரக்ட் கொடுத்துடலாங்களா” என்று கேட்டால், அதற்கு முன்னால் தெர்மோ சுவிட்சின் வயர் முனை இரண்டையும் சேர்த்துவைத்து, ஒரு ஹெட்லைட் பல்பை ஃபேன் கப்ளரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் வயரும் எர்த்தும் சரி, மோட்டாரைப் பாருங்கள். மங்கினால் வயரைப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. நீங்களே செய்வதாக இருந்தால் இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கப்ளரைப் பிரிக்காமல் ஃபேன் இறக்கைக்குள் விரலை விடாதீர்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும்.